பழைய சைக்கிளுக்குப் புதிய கிராங்



மலைநாட்டிலே சைக்கிள் வைத்திருப்பவர் பாதி வழி அதன்மீது ஏறிச் செல்வார், மீதி வழி அதனைத் தள்ளிக்கொண்டு நடப்பார் என்று சமவெளியில் வாழும் நண்பர்கள் நம்மைக் கேலி செய்வதுண்டு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. வத்தேகமவிலிருந்து பன்வில, மடுல்கலைப் பக்கமாகவோ, எல்கடுவப் பக்கமாகவோ செல்லும் வீதிகளை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. எனினும், 2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்ற நாட்களில், நம்மிற் பலர் பரண்மீது கிடந்த பழைய சைக்கிளை இறக்கித் தூசி தட்டினோம். தந்தையார் ஓட்டிய வண்டி, தாத்தா ஓட்டிய வண்டி என்று பல மீண்டும் வீதிக்கு வந்தன. வரிசைகள் மறைந்த பின்னரும், அவற்றுட் சில இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இவ்வாறு மறுவாழ்வு பெற்ற வண்டிகளுக்கு முதலில் வருகின்ற நோய்களுள் ஒன்று கிராங்கைப் பற்றியது. மிதியையும் நடு அச்சையும் இணைக்கும் இரும்புக் கையே கிராங் ஆகும். வலப்பக்கத்துக் கிராங்கோடு பெரிய பற்சக்கரமும் சேர்ந்திருக்கும். அது பழுதுபட்டால் எத்தகைய புதுக் கிராங்கை வாங்குவது, அது நம்முடைய வண்டிக்குப் பொருந்துமா என்பதை எவ்வாறு அறிவது என்பவையே இன்றைய பேச்சின் பொருள்.

பொருத்தம் என்பது யாது என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இல் அமைக்கப்பட்ட இருப்புப்பாதை வத்தேகமவின் வழியே செல்கிறது. அதன் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலுள்ள அகலம் ஐந்தரை அடி. கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் பாதையின் அகலமும் அதுவே. ஆகவே ஒரே பெட்டி இரண்டிலும் ஓடக்கூடும். ஆனால் களனிப் பள்ளத்தாக்குப் பாதையோ இரண்டரை அடி அகலமுடையதாய் இருந்தது. 1990களில் அது அகலமாக்கப்படும்வரை, ஒரு பாதையின் வண்டி மற்றதில் ஓட முடியவில்லை. வண்டியும் நல்ல வண்டிதான். பாதையும் நல்ல பாதைதான். அளவு மட்டும் ஒவ்வவில்லை. சைக்கிளின் கிராங்கும் இத்தகையதே. ஒரே வேறுபாடு என்னவெனில், இரயிலில் பொருத்தமின்மை கண்ணுக்குத் தெரியும். சைக்கிளில் அது அரை மில்லிமீற்றரில் ஒளிந்திருக்கும்.

அந்த அரை மில்லிமீற்றர் எனக்குக் கற்பித்த பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தையாரின் பழைய வண்டியை நான் வெளியே எடுத்தபோது, வலக் கிராங் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக், டக்' என்று ஒலித்தது. கடையொன்றிற்குச் சென்றேன். "இது எல்லாச் சைக்கிளுக்கும் சரியாக வரும் ஐயா" என்று சொல்லி ஒரு புதுக் கிராங்கையும், அதனைப் பூட்டும் ஆணியையும் தந்தார்கள். ஆணி துளையில் சற்றே ஆடிற்று. மெல்லிய தகரத் துண்டொன்றை உள்ளே வைத்து அடித்து இறுக்கினார்கள். மூன்றாம் நாள், பன்வில வீதியில் ஓர் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது, கிராங் அச்சில் வழுக்கிக் கால் நிலத்தில் மோதியது. முழங்காற் சிராய்ப்போடு தப்பினேன். ஏற்றத்தில் நடந்தமையால் சிராய்ப்போடு போயிற்று. இறக்கத்தில், வளைவொன்றில், எதிரே ஒரு பஸ் வரும்போது அது நடந்திருந்தால் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன். பின்னர் அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, வண்டிக்கு வேண்டியது 9.5 மில்லிமீற்றர் ஆணி, எனக்குத் தந்ததோ 9 மில்லிமீற்றர் ஆணி என்று. அதைவிட வெட்கத்துக்குரிய செய்தி ஒன்றும் தெரிந்தது. பழைய கிராங்கில் பழுதே இல்லை. தேய்ந்திருந்தது ஆணி மட்டுமே!

ஆகவே, கிராங் வாங்கப் புறப்படுமுன் கிராங்தான் பழுதா என்று அறிந்துகொள்க. இதுவே முதற்படி. பழைய வண்டிகளில் கிராங்கை நடு அச்சோடு பூட்டுவது ஓர் ஆப்பு ஆணி. கடைகளில் அதனைக் 'கொட்டர் பின்' என்பர். அதன் ஒரு பக்கம் சரிவாகத் தேய்க்கப்பட்டிருக்கும். அச்சிலே வெட்டப்பட்ட தட்டையான இடத்தில் அச்சரிவு அழுந்தி நின்று கிராங்கை அசையாமற் பிடிக்கின்றது. அந்த ஆணி கிராங்கைவிட மென்மையான இரும்பால் ஆனது. தேய வேண்டியது ஏதேனும் ஒன்றெனில், விலை குறைந்த அதுவே தேயட்டும் என்பது அதனைச் செய்தோரின் எண்ணம். ஒரு கிராங்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றதை அசைத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று இளகி ஆடினால் குற்றம் ஆணியில். இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடினால் குற்றம் நடு அச்சின் கிண்ணங்களிலும் இரும்புக் குண்டுகளிலும். பற்சக்கரத்தின் பற்கள் கொக்கியைப்போல ஒரு பக்கம் வளைந்து கூராகியிருந்தாலோ, மிதி திருகும் துளையின் புரி அழிந்திருந்தாலோ, கிராங் வளைந்து மிதி சுழலும்போது கோணலாக ஆடினாலோ, அப்பொழுதே புதுக் கிராங் வேண்டும்.

சரி, கிராங்கையே மாற்ற வேண்டும் என்று துணிந்துவிட்டோம். இப்போது நாம் பார்க்க வேண்டிய பொருத்தங்கள் ஐந்து. திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், கிராங்கிற்கு ஐந்து பார்ப்பது மிகையன்று.

முதலாவது, கிராங் அச்சோடு பூட்டப்படும் முறை. இன்று நம் வீதிகளில் மூன்று வகை காணலாம். ஒன்று, நான் சொன்ன கொட்டர் ஆணி வகை. இதில் அச்சு உருண்டையாக, ஏறத்தாழ 16 மில்லிமீற்றர் தடிப்புடன் இருக்கும். ஆணியோ இங்கிலாந்து வண்டிகளில் 9.5 மில்லிமீற்றர்; பிற நாட்டு வண்டிகள் சிலவற்றில் 9 மில்லிமீற்றர். இரண்டாவது வகையில் அச்சின் நுனி சதுரமாகவும் சற்றே கூம்பியும் இருக்கும். கிராங்கின் சதுரத் துளையை அதில் ஏற்றி, மரையாணி கொண்டு இறுக்குவார்கள். யப்பானிலிருந்து பாவித்த நிலையில் வரும் வண்டிகளிலும், கியர் வண்டிகளிலும் இதனைக் காணலாம். மூன்றாவது, சிறுவர் சைக்கிள்கள் பலவற்றில் உள்ளது. அதில் இரு கிராங்குகளும் நடு அச்சும் வளைத்துச் செய்யப்பட்ட ஒரே இரும்புத் துண்டாகும். ஒரு வகையின் கிராங் மற்றொரு வகையின் அச்சில் ஏறாது.

சதுர அச்சிலும் ஒரு நுட்பம் உண்டு. யப்பானிய அளவு என்றும், ஐரோப்பியரின் சர்வதேச அளவு என்றும் இரண்டு உள. இரண்டிலும் கூம்பின் சரிவு ஒன்றே. நுனியின் பருமன் மட்டும் வேறு. மாற்றிப் பூட்டினால் கிராங் ஏறிவிடும். ஆனால், இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ நாலரை மில்லிமீற்றர் உள்ளேயோ வெளியேயோ சென்று நிற்கும். ஏறிவிட்டது என்பதனாலேயே பொருந்திவிட்டது என்று கொள்ளலாகாது.

இரண்டாவது பொருத்தம், நடு அச்சு தங்கும் கூட்டினுடையது. பழைய அச்சும் கிண்ணங்களும் நல்ல நிலையில் இருந்தால் அவற்றைத் தொட வேண்டாம். கிராங்கை மட்டும் மாற்றுவதே நலம். கிண்ணத்தையும் மாற்ற நேர்ந்தால், அதன் புரியை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்து முறைப்படி செய்த வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் அங்குலத்துக்கு 24 புரிகள். ஆனால் நொட்டிங்காம் நகரில் றலி நிறுவனம் செய்த பழைய வண்டிகளிலோ அங்குலத்துக்கு 26 புரிகள். கூட்டின் அகலமும் பொதுவாக 68 மில்லிமீற்றர். பழைய றலியில் பெரும்பாலும் 71. கிண்ணத்தின் விட்டமோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகையால் 24 புரிக் கிண்ணம் 26 புரிக் கூட்டில் ஓரிரு சுற்று இனிதாகவே ஏறும், பிறகு இறுகும். 'புதுச் சாமான் அல்லவா, சற்று இறுக்கமாகத்தான் இருக்கும்' என்று எண்ணி நீண்ட சாவியைப் போட்டுத் திருகினால், சட்டகத்தின் புரி அழிந்துவிடும். கிராங்கை மாற்றச் சென்றவர் வண்டியையே இழக்க நேரிடும். இடப்பக்கத்துக் கிண்ணத்தைக் கழற்றி, அரை அங்குலத்துள் எத்தனை புரிகள் உள்ளன என்று எண்ணுங்கள். பன்னிரண்டாயின் பொது வகை. பதின்மூன்றாயின் றலி வகை.

இங்கு ஓர் ஐயம் எழலாம். வண்டியின் முகப்பிலே பெயர்த் தகடு இருக்கிறதே, அதனைப் பார்த்து வாங்கினால் ஆகாதா? ஆகாது, நேயர்களே. நம் பாட்டன்மார் பெரிதும் மதித்த ஹம்பர் என்னும் பெயர் 1932இல் றலியின் கைக்கு வந்தது. பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் சைக்கிள் தொழில் 1957இல் றலியிடம் சென்றது. ஹேர்குலிஸ் என்னும் பெயரில் பேர்மிங்ஹாமிலும் சைக்கிள் செய்தார்கள். 1949இல் தோன்றிய நிறுவனமொன்று சென்னையை அடுத்த அம்பத்தூரிலும் செய்தது. றலியின் நொட்டிங்காம் ஆலையோ 2002இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் வேறு நாடுகளில் செய்யப்படும் வண்டிகளில் வாழ்கின்றது. ஆகவே தகட்டிலுள்ள பெயர் வண்டியின் குலத்தைச் சொல்லலாம்; அளவைச் சொல்லாது.

மூன்றாவது பொருத்தம், சங்கிலியின் நேர்கோடு. முன்னுள்ள பெரிய பற்சக்கரமும் பின்சில்லின் சிறிய பற்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நடு அச்சின் நீளம் மாறினாலும், கிராங்கின் வளைவு மாறினாலும் பற்சக்கரம் உள்ளேயோ வெளியேயோ நகரும். அப்போது சங்கிலி கோணலாக இழுபட்டுப் பற்களைத் தின்னும். சில வேளைகளில் கழன்று விழும். மிதியைப் பின்னோக்கி அழுத்திப் பிரேக் பிடிக்கும் வண்டியாயின், சங்கிலி கழன்றால் பின் பிரேக்கும் கூடவே போய்விடும். மலைவீதியில் இதன் பொருள் என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நேரான நீண்ட மரச்சட்டம் ஒன்றைப் பெரிய பற்சக்கரத்தின்மீது படிய வைத்து, அது பின்பற்சக்கரத்தையும் சரியாகத் தொடுகிறதா என்று பார்த்தாற் போதும். பற்சக்கரம் சட்டகத்தின் பின்குழாயில் உராயாமலும், சங்கிலி மூடியில் இடியாமலும் சுழல்கிறதா என்பதையும் கவனிக்க.

நான்காவது, சங்கிலிக்கும் பற்களுக்கும் உள்ள பொருத்தம். சாதாரண சைக்கிள் சங்கிலியின் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே அரை அங்குலம். இது பெரும்பாலும் எங்கும் ஒன்றே. அகலம் மட்டும் இருவகைப்படும். ஒரே கியர் உள்ள வண்டியின் சங்கிலி உள்ளகலம் எட்டில் ஒரு அங்குலம். சங்கிலி தாவிச் செல்லும் பல கியர் வண்டிக்கு அதனினும் ஒடுங்கிய சங்கிலி. தடித்த பற்சக்கரத்தில் ஒடுங்கிய சங்கிலி அமராது. மேலும், நன்றாகத் தேய்ந்து நீண்டுவிட்ட பழைய சங்கிலியைப் புதுப் பற்சக்கரத்தில் பூட்டுவது, புதுச் சட்டையைப் பழைய முள்வேலியில் காயப் போடுவது போன்றது. பற்சக்கரத்தை மாற்றும்போது சங்கிலியையும் மாற்றிவிடுக.

ஐந்தாவது, கிராங்கின் நீளமும் மிதியின் புரியும். பெரிய சைக்கிள்களில் கிராங் பொதுவாக ஆறரை அங்குலம், அதாவது 165 மில்லிமீற்றர். 170 மில்லிமீற்றரும் உண்டு. அச்சின் நடுவிலிருந்து மிதித் துளையின் நடுவரை அளக்க வேண்டும். நீளம் மிகுந்தால் வளைவுகளில் மிதி நிலத்தைத் தொடும். இரு பக்கமும் ஒரே நீளமாய் இருத்தல் இன்றியமையாதது. ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். மிதி திருகும் துளை வழக்கமாகப் பதினாறில் ஒன்பது அங்குலம். ஒரே துண்டாலான சிறுவர் கிராங்கிலோ அரை அங்குலம். வலமிதி வலம்புரி, இடமிதி இடம்புரி. நடு அச்சின் கிண்ணங்களில் இது தலைகீழாக அமைந்திருக்கும். இங்கிலாந்து முறையில் வலப்பக்கத்துக் கிண்ணமே இடம்புரி. இதனை அறியாமல் எதிர்த்திசையில் திருகி அழிந்த புரிகள் எத்தனையோ!

இனி, மலைநாட்டவராகிய நமக்கே உரிய ஒரு கேள்வி. "சிறிய பற்சக்கரமுள்ள கிராங்கை வாங்கினால் ஏற்றம் இலகுவாகுமா?" என்று பலர் கேட்கின்றனர். ஆகும், ஆனால் கணக்கைப் பாருங்கள். 28 அங்குலச் சில்லு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.23 மீற்றர் செல்லும். முன்னே 48 பல், பின்னே 18 பல் எனில், மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி 6 மீற்றருக்குச் சற்றுக் குறைவாக முன்னேறும். கிராங்கை மாற்றி முன்னே 44 பல் ஆக்கினால் 5.46 மீற்றர். மிதிப்பின் சுமை ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு குறையும். கிராங்கைத் தொடாமல், பின்னேயுள்ள 18 பல்லை மட்டும் 22 ஆக மாற்றினாலோ 4.87 மீற்றர். சுமை ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றே குறைவாக இறங்கும். பின்பற்சக்கரமோ கிராங்கைவிட மலிவு. ஏற்றத்தை மட்டும் எண்ணிக் கிராங் வாங்க நினைப்பவர்கள் முதலில் பின்சில்லைப் பார்ப்பார்களாக. எதை மாற்றினாலும் சங்கிலியின் நீளத்தை மறவாதீர்கள். நான்கு பல் கூடினால் சங்கிலி ஓர் அங்குலம் கூட வேண்டும். அல்லது பின்சில்லு அரை அங்குலம் முன்னே வர வேண்டும். சமவெளியில் வேகம் சிறிது குறையும் என்பதும் உண்மையே. ஆனால் நம் ஊரில் சமவெளி எங்கே இருக்கிறது?

இறுதியாக, பூட்டும் முறை. கொட்டர் ஆணிகள் இரண்டும் எதிரெதிராகச் செல்ல வேண்டும். ஒன்றின் சுரை மேல்நோக்கி இருக்கும்போது மற்றதன் சுரை கீழ்நோக்கி இருத்தல் வேண்டும். இல்லையேல் இரு கிராங்குகளும் ஒரே நேர்கோட்டில் அமையா. சுத்தியலால் அடிக்கும்போது, கிராங்கின் அடியில் ஓர் இரும்புக் குழாயையோ கனத்த கட்டையையோ முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டின்றி அடித்தால் அந்த அடி முழுவதும் உள்ளேயிருக்கும் குண்டுகளின்மேல் விழும். ஆணியை உள்ளே செலுத்துவது அடியே. சுரை அதனைக் காவல் காப்பதற்கு மட்டுமே. சுரையைத் திருகி ஆணியை இழுக்க முயன்றால் ஆணியின் புரி அறுந்துவிடும். முப்பது, நாற்பது கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை அடித்துச் சுரையை இறுக்குக. சதுர அச்சு வகையிலும் அவ்வாறே மறு இறுக்கம் வேண்டும். இளகிய அலுமினியக் கிராங்கோடு சில நாள் ஓடினால் சதுரத் துளை உருண்டுவிடும்; அதன் பின் எத்துணை இறுக்கினும் பயன் இல்லை. தகரத் துண்டு வைத்து எதையும் இறுக்க வேண்டாம் என்பதை, முழங்காலில் இன்னும் தழும்புள்ள ஒருவன் சொல்வதாகக் கொள்ளுங்கள்.

கடைக்குச் செல்லும்போது பழைய கிராங்கையும், ஆணியையும், முடிந்தால் அச்சையும் கழற்றிக் கையோடு கொண்டு செல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் பயன்படுத்தும் வேணியர் இடுக்கிமானி ஒன்று கிடைத்தால் அதனையும் எடுத்துச் செல்லுங்கள். ஆணியின் தடிப்பு, கூட்டின் அகலம், கிராங்கின் நீளம், பற்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். "எல்லாச் சைக்கிளுக்கும் வரும்" என்று கடைக்காரர் சொன்னால், "நல்லது ஐயா, ஒருமுறை அளந்து பார்த்துவிடுவோம்" என்று பணிவோடு சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

தந்தையாரின் அந்த வண்டி இப்போதும் ஓடுகிறது. அதில் இருப்பது பழைய கிராங்கே, 9.5 மில்லிமீற்றர் ஆணி இரண்டு மட்டும் புதியவை. பின்னே 22 பல். பன்வில வீதியின் ஏற்றத்தில் இன்னமும் சில இடங்களில் இறங்கி நடக்கத்தான் செய்கிறேன்; ஆனால் இறக்கத்தில் அச்சமின்றி அமர்ந்து வருகிறேன்.